விரல் தூக்குதல்

கீழ்ப்பாக்கத்தில் ஒரு கண்ணாடி அறை.
உள்ளே நான், காதுகளில் கறுப்புக் கிண்ணங்கள்.
வெளியே பெனிட்டா:
"சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க சார்,
எவ்வளவு சன்னமா இருந்தாலும்."

தூக்கினேன். தூக்கினேன்.
பிறகு நெடுநேரம் தூக்கவில்லை.
அவள் பொத்தானை அழுத்திக்கொண்டேதான் இருந்தாள்.

தாளில் என் காது
ஆறாயிரம் வரை ஜிஎஸ்டி சாலைபோல் வந்து
பரங்கிமலைச் சரிவாய் இறங்கியது.
"வயசுதான். என்ன வேலை பார்க்கிறீங்க?"
"பூச்சி பாடுறதைக் கேட்டு எழுதுற வேலை."
அவள் சிரிக்கவில்லை.
அதனால்தான் கூப்பிட்டேன்.

நன்மங்கலம் காடு. ஐப்பசி, மழை விட்ட இரவு.
மேடவாக்கம் சாலையில் தண்ணீர் லாரிகளின் உறுமல்.
முள்வேலிக்கு அப்பால் பதினான்கு மாடி,
ஏழில் மட்டும் விளக்கு.

இது சுவர்க்கோழி, என்றேன்.
பேர்தான் கோழி, பாடுவதெல்லாம் சேவல்.
இடச்சிறகின் மேல் வலச்சிறகை வைத்து உரசும்;
சிறகின் அடியில் அரம்போல் ஒரு நரம்பு.
பெட்டை பாடாது. கேட்கும்.
முன்காலில், முழங்காலுக்குக் கீழே
அதற்குக் காது.

"காலிலயா?"
நாளைக்கு நாற்பது காது பார்க்கிறவள்
குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்தாள்.

அந்தக் கட்டைக்குரல் பிள்ளைப்பூச்சி.
ஈர மண்ணில் வாயகன்ற வளை தோண்டி
அந்த வளையையே குழலாக ஊதும்.
மடியில் கட்டாதே என்பார்கள்.
நான் காதில் கட்டிக்கொண்டு முப்பது வருடம்.

வெட்டுக்கிளியை இப்போது தேடாதே,
அது பகல் ஆள்.
பின்னங்காலைச் சிறகில் இழுத்துத் தேய்க்கும்.
காது வயிற்றில்;
பசியும் பாட்டும் ஒரே வீட்டில் குடித்தனம்.

கோழி, பிள்ளை, கிளி:
வீட்டில் இருந்ததை வைத்துப் பெயரிட்டது ஊர்.
கொம்பை அளந்து பிரித்தது ஆய்வகம்,
உடலைவிட நீளமென்றால் ஒரு கிளை,
குட்டையென்றால் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே சிக்கியது ஒன்று உண்டு.
இலைபோல் பச்சை, இழைபோல் கொம்பு,
வலச்சிறகின் மேல் இடச்சிறகு.
உறவுமுறையில் சுவர்க்கோழிக்குப் பங்காளி.
ஊர் அதையும் வெட்டுக்கிளி என்றே
ரேஷன் அட்டையில் சேர்த்துவிட்டது.

அதைத்தான் மூன்று வருடமாகக் காணோம், என்றேன்.
பதிவேட்டில் மாதாமாதம்
இல்லை
இல்லை
இல்லை.
அறிக்கையும் அனுப்பியாயிற்று:
அடுக்குமாடி, மின்விளக்கு, நகர விரிவு, ஆகவே அருகியது.
நல்ல தமிழில் எழுதியிருந்தேன்.

பெனிட்டா பதில் சொல்லவில்லை.
காரைப் புதரோரம் நின்று
ஒரு விரலைத் தூக்கியிருந்தாள்.

இறக்கினாள்.
தூக்கினாள்.

சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சை அடித்தேன்.
கிளையில் ஒரு இலை
காற்றில்லாமல் தன் தோளை உதறியது.
கண் பார்க்கிறது.
எனக்கு லாரி கேட்கிறது, பிள்ளைப்பூச்சி கேட்கிறது,
அவள் செருப்படியில் சருகு நொறுங்குவதுகூட.

மாடிவீடுகளின்மேல் நான் போட்ட பழி
என் வாயில் வந்து நின்றது.
அதில் யாராவது ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கலாம்.
யாரிடம், எட்டாவது மாடியிலா?

"எப்படி இருக்கு அதன் குரல்?"
யோசித்தாள்.
"சாவிக்கொத்தை ரொம்ப தூரத்துல
யாரோ ஆட்டுற மாதிரி. மூணு மூணா."

இல்லை என்பதை அடித்தேன்.
மேலே மூன்று புள்ளி வைத்தேன்: ஃ
தனியே ஒலிக்கத் தெரியாத எழுத்து,
பக்கத்தில் யாராவது இருந்தால்தான் அதற்கு ஓசை.

ஒன்பதரை மணிவரை
அவள் விரலைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்
ஃ ஃ ஃ
கடைசியில் ஒருமுறை
அவள் கை தூக்கியது கொசுவை அடிக்க.

அதையும் எழுதிவிட்டேன்.